பன்றிக் காவலர்

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஒபதாயா கிரேனின் பெயரை முன்மொழிந்தது நான்தான். அவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடித்து அடைக்கும் பன்றிக் காவலர் பதவிக்கு. புது மாப்பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் சூட்டும் கேலிப் பட்டம் அது. அந்தக் குளிர்காலத்தில்தான், ஐம்பது வயதில், அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கூட்டம் நடந்த ஆலயமே குலுங்கிச் சிரித்தது.

வெல்லப்பாகும் உப்பும் கப்பலில் வரவழைத்து விற்கும் வியாபாரி அவர். அவருடைய பாகுக்குப் பீப்பாய் செய்துதான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்தக் கடுப்பும் எனக்கு உண்டு. பதினெட்டு வருடம் எங்களோடு வாழ்ந்தும் ஊருக்கு அவர் வந்தேறிதான். பாஸ்டன் சட்டசபையில் எங்கள் ஊருக்காக உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த இடத்தைப் பதினோரு வருடமாக வெதரெல் பண்ணையார் விடாமல் பிடித்து வைத்திருந்தார். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் சிரிப்பு இன்னும் ருசித்தது.

மற்ற மாப்பிள்ளைகள் ஆளுக்கொரு குவளை ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்துவிட்டுப் பதவியை மறந்துவிடுவார்கள். கிரேன் எழுந்து கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் கோலும் கையுமாகத் தெருவில் நின்றார்.

அந்தக் கோடை முழுக்கப் பட்டுக் காலுறையோடு சேற்றில் ஓடினார். மண்ணைக் கிளறாதபடி மூக்கில் மாட்டும் வளையம் இல்லாத பன்றி எதுவானாலும் ஊர்ப் பட்டிக்குள் போயிற்று. முதலில் போனது என்னுடையது. கரித்துக் கொட்டிக்கொண்டே வளையம் போட்டு மீட்டு வந்தேன். ஆகஸ்டில் பண்ணையாரின் பெரிய பெண்பன்றி மெஹிதபெலின் சோளத்தில் இறங்கியது. நாலு பிள்ளைகளோடு தனியாக வாழும் பெண் அவள். வருடா வருடம் அது அப்படித்தான் இறங்கும், யாரும் வாய் திறந்ததில்லை. கிரேன் அதைக் காதைப் பிடித்து இழுத்துப்போய்ப் பட்டியில் அடைத்தார். பண்ணையார் குதிரையில் வந்தார். ஊரே கூடிவிட்டது.

"அது யாரோட பன்னின்னு தெரியுமாய்யா உமக்கு?"

"தெரியுமே. வளையம் இல்லாத பன்னி."

"விளையாட்டுக்குக் குடுத்த வேலைய்யா இது. அவுத்து விடும்."

"நீங்க விளையாட்டாத்தான் குடுத்தீங்க. நான் சத்தியம் பண்ணி வாங்கினேன். வளையத்தப் போட்டுட்டு ஓட்டிட்டுப் போங்க."

பண்ணையார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் கொல்லர்தான் வளையம் கொண்டுவந்தார். பன்றியின் அலறல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த மே மாதம் சட்டசபைத் தேர்தல், அதே ஆலயத்தில். சீட்டு எழுதுவதற்கு முன் நான் எழுந்து கிரேன் பெயரைச் சொன்னேன். பழைய ஞாபகத்தில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"இந்த வாட்டி விளையாட்டு இல்லப்பா," என்றேன்.

தொப்பியிலிருந்து சீட்டுகளை எடுத்து எழுத்தர் வாசித்தார். கிரேன். கிரேன். வெதரெல். கிரேன். கிரேன். பாதியிலேயே பண்ணையார் எழுந்து போய்விட்டார். கடைசிச் சீட்டு வாசிக்கும்போது நாங்கள் இருக்கைப் பலகைகளைத் தட்டிக்கொண்டிருந்தோம். கிரேன் மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பாஸ்டனுக்குக் கிளம்பிய காலையில் மொத்த ஊரும் வண்டிக்குப் பின்னால் நடந்தது. பண்ணையார் வீட்டுத் திருப்பத்தில் அந்தப் பெண்பன்றி நடுவழியில் படுத்திருந்தது. கிரேன் புதுக் கறுப்புக் கோட்டோடு இறங்கிக் குனிந்து, அதன் மூக்கு வளையத்தைத் திருகிப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. அவர் வண்டியில் ஏறியதும் பன்றி மெதுவாக எழுந்து வழி விட்டது.