கருத்தம்மாள் சொன்ன பஞ்சு

பொன்மணியின் முழங்கையைப் பார்த்தால் கருத்தம்மாளுக்குச் சோறு இறங்காது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி போடும் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. இருவருக்கும் சொரியாசிஸ், தோல் செதில் செதிலாக உதிரும் நோய். போன வருசம் ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஒரே டாக்டரம்மாவிடம் ஒரே களிம்பை வாங்கி வந்தவர்கள். இப்போது பொன்மணி கை தெளிந்து மடிப்பு மேசையில், ஃபேனுக்கு அடியில், அரைக்கை ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கருத்தம்மாள் முழுக்கை ஜாக்கெட்டோடு தறிப்பக்கம் பஞ்சு கூட்டுகிறாள்.

தொற்றுகிற நோய் இல்லை என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டை சூப்பர்வைசர் ராஜரத்தினத்திடம் காட்டிப் பார்த்தாள்.

"தொத்தாதும்மா, ஒத்துக்கிடுதேன். துணியில உதிருதுல்ல?"

ஆனால் மாரீஸ்வரி பிரசவத்துக்குப் போவதால் திங்கட்கிழமை மடிப்பு மேசையில் ஒரு ஸ்டூல் காலி. எட்டு மணி நேரம் நின்று நின்று கருத்தம்மாளின் முழங்கால் விட்டுப்போயிருந்தது. அந்த ஸ்டூல் அவளுக்கு வேண்டும்.

களிம்பு ஒன்றுதான், பிறகு அவளுக்கு மட்டும் எப்படி விட்டது? டீ நேரமானால் பொன்மணி ஒரு சின்ன டப்பாவை இடுப்பில் சொருகிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். வேறு மருந்து வைத்திருக்கிறாள், கள்ளி. வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்.

திங்கட்கிழமை விடியக்காலம் கருத்தம்மாள் பீர்க்கங்காய் நாரை எடுத்தாள். வெள்ளைச் செதில் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு கையையும் தேய்த்தாள். எரிந்தது. எரியட்டும் என்று தேய்த்தாள்.

ராஜரத்தினம் கையைப் புரட்டிப் பார்த்தார். செதில் இல்லை. ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிந்திருந்தது.

"என்னம்மா இது! நம்ம துணிய உனக்கே சுத்தணும் போலயே. முதல்ல ஆறட்டும். அதுவரைக்கும் பாண்டிசெல்வி உக்காரட்டும்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்மணி சிரித்தாளா என்றுதான் கருத்தம்மாள் பார்த்தாள்.

டீ நேரத்தில் பொன்மணி பாத்ரூமுக்குள் நுழைந்ததும், தாழ்ப்பாள் விழுமுன் கருத்தம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"காட்டுட்டி அந்த டப்பாவ! நீ மட்டும் நல்லா இருந்தாப் போதும், என்ன?"

"இந்தா பாரு மதினி. வெறும் வாசலின்."

மோந்து பார்த்தாள். வாசலின்தான்.

"கை கழுவுனதும் ஈரம் காயிறதுக்குள்ள தடவுவேன், அம்புட்டுத்தான். நீ களிம்ப எப்ப விட்ட?"

"திட்டு மங்கிப் போச்சு, விட்டுட்டேன்."

"மங்கினாலும் களிம்பச் சட்டுனு விடாத, நான் சொல்றப்பக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைனு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாவியளே. இன்னைக்கு நாரு போட்டுல்ல தேச்சிருக்க? புண்ணான எடத்துல புதுசாக் கெளம்பும் மதினி."

"உனக்குப் போயிருச்சு, நீ பேசுவ."

பொன்மணி தலையில் இருந்த துணித்தொப்பியைக் கழற்றினாள். வகிடு நெடுக, காதுக்குப் பின்னால், திட்டுத் திட்டாக வெள்ளை. "போகல. அப்பப்ப வரும், அடங்கும். வெளிய சொன்னா எனக்கும் ஸ்டூல் போயிரும்."

கருத்தம்மாளுக்கு இரக்கம் வரவில்லை. நோய்கூட இவளுக்கு முடிக்குள் மறைவாக வந்திருக்கிறதே என்றுதான் வயிறு எரிந்தது.

வெளியே வந்தார்கள். எதிரில் ராஜரத்தினம்.

"என்னம்மா பொன்மணி, தோள்ல வெள்ளை வெள்ளையா?"

பொன்மணி தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். கருத்தம்மாளின் நாக்கு நுனியில் ஒரே ஒரு சொல் நின்றது. சொன்னால் அந்த அரைக்கை ஜாக்கெட் நாளைக்குத் தறிப்பக்கம் நிற்கும். நிற்கட்டுமே. ஆனால் அவள் ஸ்டூலும் இந்தக் கைக்குக் கிடைக்காது, இன்னொருத்திக்குத்தான் போகும். ஒருமுறை உதிர்ந்தவளுக்கு இனி மேசையே கிடையாது என்றுகூட ஆகிவிடும். ஆறின பிறகும்.

"பஞ்சு சார்," என்றாள். "எங்கூட நின்னால்ல, ஒட்டிருச்சு." தட்டிவிட்டாள், கொஞ்சம் ஓங்கியே.

அவர் போனதும் கையை நீட்டினாள்.

"புதங்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வந்து தலையக் காட்டு. இப்ப டப்பாவக் குடுட்டி."

பொன்மணி ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நீட்டினாள். கருத்தம்மாள் இரண்டு விரலை விட்டு வழித்தாள்.