மாதிரிக்கு ஒரு ராபர்ட்

வெர்ன் ஹூக்ஸ்ட்ரா கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து, பச்சை ஃபிளாஸ்க்கை டிப்போ மேற்பார்வையாளர் மார்லாவின் மேஜைமேல் ணங்கென்று வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டே முக்கால். காலைச் சவாரி முடிந்து, பிற்பகல் சவாரி தொடங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. டிப்போ வாசலில் நாற்பது மஞ்சள் பள்ளி பஸ்களும் வரிசையாக நின்றன. ஜனவரியிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், "மூணாவது ஆள் வேணுமாமே. வந்துட்டேன்" என்றார்.

மார்லாவுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஆனால் அனுப்பிவிடவும் முடியாது. இரண்டு வருஷமாக, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியாகப் பாட வடிவமைப்பு முதுகலை படிக்கிறாள். பேராசிரியரைக் கணினித் திரையின் ஒரு சின்னச் சதுரத்தில்தான் பார்த்திருக்கிறாள். வாரம் தவறாமல் புதன்கிழமைக்குள் ஒரு கட்டுரை, ஞாயிற்றுக்கிழமைக்குள் சக மாணவர் இருவருக்குப் பதில், அதுவும் முதல் வரியில் பாராட்டோடு. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் எழுதினாள். இப்போது மிஞ்சியிருப்பது கடைசித் திட்டம் மட்டும். ஓட்டுநர்களுக்காக அவள் செய்த பாடத்தை மூன்று பேர் அவள் முன்னால் உட்கார்ந்து முடிக்க வேண்டும், அதில் ஒருவராவது பத்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவராக இருக்க வேண்டும். ஒலிப்பதிவை இன்று மாலை ஐந்து மணிக்குள், வெட்டாமல் ஒட்டாமல் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான். ஜூனில் வரப்போகிற பயிற்சி அதிகாரி வேலை அதுவரை அவளுக்காகக் காத்திருக்காது. புதிதாகச் சேர்ந்த இருவர் ஒத்துக்கொண்டார்கள். பழைய ஆட்களோ அவளைக் கண்டதும் காப்பிக் கோப்பையோடு வேறு மேஜைக்கு மாறினார்கள்.

அதற்குக் காரணம் அவள் செய்த முட்டாள்தனம். போன வாரம் எல்லா ஓட்டுநர்களுக்கும் பாடத்தின் இணைப்பை அனுப்பியபோது, பாடத்தை மட்டும் அனுப்பாமல் கோப்புறையையே திறந்துவிட்டிருந்தாள். உள்ளே கிடந்த ஒரு பக்கத்தின் பெயர் 'மாதிரிக் கற்பவர்'. பாடம் யாருக்கோ அந்த ஆளைக் கற்பனையாக எழுதிப் பார்ப்பது இந்தப் படிப்பில் முதல் வேலை. மார்லா கற்பனைக்கு அதிகம் சிரமப்படவில்லை. ராபர்ட், ஐம்பத்தெட்டு வயது, மூட்டு வலி, பச்சை ஃபிளாஸ்க், புதியது எதுவானாலும் எதிர்ப்பவர், வாசிப்பு மந்தம், நான்காம் திரையைத் தாண்ட மாட்டார் என்று எழுதி வைத்திருந்தாள். மறுநாளே ஓய்வறையில் வெர்னை எல்லாரும் ராபர்ட் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவரை நேற்றுச் சேர்ந்தவன்கூட, "ராபர்ட், உப்பை இப்படித் தள்ளுங்க" என்றானாம்.

அவள் விதிகளை வாசித்துக் காட்டினாள். பாடத்தைச் செய்யும்போது மனதில் தோன்றுவதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் உதவக் கூடாது, விளக்கக் கூடாது, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாது. அவர் அரை நிமிஷம் பேசாமல் இருந்தால் மட்டும், நினைப்பதைச் சொல்லும்படி ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். மீறினால் சோதனை செல்லாது.

"அப்போ நான் பேசலாம், நீ பேசக் கூடாது" என்றார் வெர்ன். "இந்த விதிய எழுதினவன் நல்லா இருக்கணும்."

பதிவைத் தொடங்கினாள். திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. சவாரி முடிந்ததும் பஸ்ஸில் குழந்தை எதுவும் தூங்கிப்போய்த் தங்கிவிடவில்லை என்று எப்படி உறுதி செய்வது என்பதுதான் பாடம். கடைசி இருக்கை வரை நடந்து, இருபுறமும் குனிந்து பார்த்து, பின் கண்ணாடியில் 'பார்த்தாயிற்று, காலி' என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். இதை அவள் தன் குரலிலேயே பதிந்திருந்தாள். அந்தக் குரல் இப்போது அறையில் ஒலித்தபோது, பாலர் பள்ளியில் ஷூ மாட்டச் சொல்லிக்கொடுக்கிற குரல் மாதிரி அவளுக்கே கேட்டது.

வெர்ன் சொன்னபடியே வாய்விட்டு நினைத்தார். எழுத்து ஈ சைஸுக்கு இருக்கிறது என்றார். படத்தில் இருக்கிற ஓட்டுநருக்கு ஒரு நாளும் மூட்டு வலித்ததில்லை என்றார். 'அடுத்து' பொத்தான் சாம்பல் நிறமாகவே இருப்பதைப் பார்த்து இரண்டு தரம் அழுத்தினார், பிறகு புரிந்துகொண்டார். குரல் பேசி முடிக்கும்வரை அது திறக்காது. "பூட்டி வச்சிருக்கே. ராபர்ட் ஓடிருவான்னு பயம்." மார்லா குறிப்பேட்டைப் பார்த்தபடி இருந்தாள். உண்மைதான், அந்தப் பூட்டை ராபர்ட்டை நினைத்துத்தான் போட்டாள். இன்னும் பத்து நிமிஷம் இந்த நாக்கைப் பொறுத்துக்கொண்டால் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும், அதற்கப்புறம் இந்த ஆளின் முகத்திலேயே முழிக்க வேண்டாம் என்று நினைத்தாள். அவள் அவரை மனதார வெறுத்தாள்.

நான்காம் திரை வந்தது. வெர்ன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காப்பி ஊற்றி, அவசரமே இல்லாமல் குடித்தார்.

"இப்ப நான் எந்திரிச்சுப் போனா, நீ எழுதின ராபர்ட் நான்தான்னு ஆயிரும். உக்காந்து முடிச்சா உனக்குப் பட்டம். ராத்திரியெல்லாம் இதத்தான் யோசிச்சேன், டீச்சரம்மா. ரெண்டுலயும் ஜெயிக்கிறது நீதான்."

காப்பியைக் குடித்து முடித்து மூடியைத் திருகினார்.

"அதனால ஒண்ணு கேக்குறேன். நினைக்கிறதச் சொல்லணும்னு நீதானே சொன்னே, இதத்தான் நினைக்கிறேன். ஜனவரில, அந்தப் பனி நாள் சாயந்தரம், நான் டார்ச் அடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சீட்டாக் குனிஞ்சு பாத்துக்கிட்டே பின்னால வரைக்கும் போனேன். அட்டை மாட்ட மறந்துட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா 'சோதிக்கவே இல்ல'ன்னு எழுதி மூணு நாள் வீட்ல உக்கார வச்சே. உன் கார் என் பஸ்ஸுக்கு எதிர்லதான் நின்னுச்சு, லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டு. நீ பாத்தியா, பாக்கலையா?"

பார்த்தாள். கண்ணாடிப் பனி உருகட்டும் என்று காருக்குள் உட்கார்ந்திருந்தாள். அந்த டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு ஜன்னலாக நின்று நின்று, தாழ்ந்து எழுந்து, பின்னால் போனதைக் கடைசிவரை பார்த்தாள். ஆனால் அந்த வாரம் வகுப்பில் கேட்டிருந்தது, பணியிடத்தில் உள்ள ஒரு குறையை ஆதாரத்தோடு காட்டு என்று. குறை இல்லாத இடத்துக்குப் பாடம் எதற்கு? திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஜனவரிச் சம்பவம் இருக்கிறது, பேராசிரியர் அதைப் படித்து, வலுவான சான்று என்று ஓரத்தில் எழுதியும் இருக்கிறார். அதே பேராசிரியர்தான் இந்தப் பதிவையும் கேட்கப்போகிறார்.

வெர்ன் பேசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் விநாடிகள் ஓடின. இருபது. இருபத்தைந்து. முப்பது ஆனதும் சொன்னாள்.

"நினைக்கிறத வாய்விட்டுச் சொல்லுங்க."

வெர்னின் முகத்தில் கோபம்கூட இல்லை. அழுக்குத் துணியைப் பார்ப்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான். "சொல்லிட்டேன்" என்றார். பிறகு மவுஸைப் பிடித்து, பொத்தான் திறந்த கணமே அழுத்தி, ஐந்தாம் திரை, ஆறாம் திரை என்று வாயே திறக்காமல் போனார். பத்துக் கேள்விக்கும் சரியான பதில். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. மார்லாவின் குரல் கணினியிலிருந்து குதூகலமாக, மிக நன்றாகச் செய்தீர்கள் என்றது. அவர் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, ஒரு காலைச் சற்றே இழுத்தபடி வெளியே போனார்.

இரண்டு மணி வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே ஒவ்வொன்றாக இன்ஜின்கள் உறுமத் தொடங்கின. ஜன்னல் வழியே முப்பத்தொன்றாம் எண் பஸ் தெரிந்தது. வெர்ன் அதற்குள் ஏறி, கடைசி இருக்கை வரை நடந்து, சவாரி முடிந்தபின்தான் மாட்ட வேண்டிய அந்த அட்டையைப் பின் கண்ணாடியில் மாட்டினார். அது நேராகத் தொங்குகிறதா என்று விரலால் ஒரு முறை சரிசெய்தார். பிறகு முன்னால் போய் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்திலிருந்து அறுபது குழந்தைகளை ஏற்றி வர வண்டியை எடுத்தார். 'பார்த்தாயிற்று, காலி' என்று சொல்லிக்கொண்டே பஸ் கேட்டைத் தாண்டியது.

இழுப்பறையிலிருந்து புகார்ப் படிவத்தை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கம். பஸ் எண் முப்பத்தொன்று. நேரம் இரண்டு பத்து. ஓட்டுநர் ஹூக்ஸ்ட்ரா. விதிமீறல், அட்டை தவறான நேரத்தில். பேனா கடகடவென்று இறங்கிவந்து, ஜனவரிப் படிவத்தில் 'யாருமில்லை' என்று அவள் எழுதிய அதே கட்டத்தில் நின்றது. 'நேரில் பார்த்தவர்' என்ற கட்டம். திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.