மிட்டாய் அலமாரியின் சாவி

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் டப்பா டீச்சர். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. மூன்றாம் வகுப்பில் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெரு வரை கேட்கும்.

மதிய உணவு டப்பாவில் இனிப்பு கூடாது என்று எங்கள் பள்ளி விதி போட்டது. முதல் மணி அடித்ததும் முப்பத்தொரு டப்பாவும் மேசைமேல் திறந்திருக்க வேண்டும். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவேன். சாக்லேட், கேக், கிரீம் பிஸ்கட் எது கண்ணில் பட்டாலும் அலமாரிக்குள் போகும், சாயங்காலம் பெற்றோர் கைக்குப் போகும். "எங்க பிள்ளை, எங்க டப்பா, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று ஒரு அப்பா சண்டைக்கே வந்தார். அவர் மகளுக்கு எட்டு வயதில் ஆறு பல் சொத்தை. அவளை வாயைத் திறக்கச் சொன்னேன், அவர் வாய் மூடிக்கொண்டது. விதி சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நடந்ததற்கு விதியின் மேல் பழி போட்டு நான் நழுவ முடியாது.

என் வகுப்பில் சிட்டு என்று ஒருத்தி. ஒரு கைப்பிடி உடம்பு, அதனால் அந்தப் பெயர். வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஐந்து வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய், தினமும் ஊசி. சில நாள் ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். உடனே மிட்டாய் கொடுத்தால் தேறிவிடுவாள். கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவள் அம்மா தையல் வேலை செய்கிறவர். பள்ளி திறந்த அன்றே ஒரு டப்பி நிறைய குளுக்கோஸ் மிட்டாயோடு வந்து நின்றார்.

"இது அவ பையில இருக்கட்டும் டீச்சர். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், என்னமோ உளறுவா. அப்பவே குடுத்துடணும். மயக்கமாயிட்டா வாயில எதையும் போடக் கூடாது, அப்புறம் ஆஸ்பத்திரிதான்."

தலைமை ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி பையில் மிட்டாய் இருந்தால் முப்பது பேரும் கேட்பார்கள், அலமாரியிலேயே இருக்கட்டும் என்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டியா வைப்பீங்க டீச்சர்?"

"சாவி என் கழுத்துலதாம்மா தொங்கும். நான் எங்க போகப் போறேன்?"

இந்த வார்த்தைகளை அதற்கப்புறம் எனக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

முதல் மாதத்தில் இரண்டு முறை கொடுத்தேன். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். மூன்றாவது முறை நான் மைதானத்தில் இருந்தேன். பல்லன்தான் ஓடி வந்து கூப்பிட்டான். பல்லன் பேக்கரிக்காரர் மகன், சிட்டுவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். முன்பல் இரண்டும் அவனுக்கு முன்னால் வகுப்புக்குள் வரும். என் முழங்காலை வைத்துக்கொண்டு மாடி ஏறி வர ஐந்து நிமிடம் ஆனது. சிட்டு மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்று என் கையையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மிட்டாய் கொடுத்தேன், சரியாகிவிட்டது. நான் அதை மறந்துவிட்டேன், அவர்கள் மறக்கவில்லை.

அடுத்த வாரம் எறும்பு வந்தது. ஜன்னலோரச் சுவரில் மெல்லிய ஒரு வரிசை. இன்று துடைத்தால் நாளை வந்து நிற்கும். எறும்பு சும்மா வராது, எங்கேயோ இனிப்பு இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் போனால் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். பயப்பட வேண்டிய நேரம் அது. எனக்கோ கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. டப்பா டீச்சர் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறார்களா?

அந்த வியாழக்கிழமை அதிகாரிகள் வருவதாக இருந்தது, இனிப்பில்லாப் பள்ளி என்று சான்றிதழ் கொடுக்க. காலை ஏழரைக்கே போய் எறும்பின் பின்னால் போனேன். வரிசை ஜன்னலைத் தாண்டி உலகப் படத்துக்குப் பின்னால் நுழைந்தது. படத்தைத் தூக்கினால் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பள்ளம், அதில் ஒரு தகர டப்பா. மூடியில் கோணல்மாணலாக ஒரு குருவிப் படம். உள்ளே பேக்கரித் தாளில் சுற்றிய பதினேழு மிட்டாய். டப்பாவோடு குப்பைத்தொட்டியில் போட்டேன். எட்டு மணிக்குக் குப்பை வண்டி வந்து அள்ளிப் போனது.

மணி அடித்ததும் பல்லனை எழுப்பினேன்.

"படத்துக்குப் பின்னாடி வச்சது நீதானே? யாருக்கு விக்கிற?"

"விக்கல டீச்சர்."

"அப்ப எதுக்கு?"

பக்கத்து இடத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். "பொய் சொன்னா அப்பாவைக் கூப்பிடுவேன்" என்றேன். மூடிக்கொண்டான்.

"டப்பா எங்க டீச்சர்?"

"குப்பையில."

அவன் முகம் வெளுத்துப்போனது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிற்கிறான் பார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பதினொரு மணிக்கு அதிகாரிகள் வந்ததாகச் சொன்னார்கள். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பல்லனையும் கூட்டிப்போய்த் தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே நிற்க வைத்தேன். சாவி என் கழுத்தில் இருந்தது.

அறைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. வெளிச்சத்தம் கேட்காது. தலைமை ஆசிரியை உரையை வாசித்துக்கொண்டிருந்தபோது, என் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்து பல்லனிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அவன் கண்ணாடியைத் தட்டினான். பியூன் அவன் கையைப் பிடித்து இழுத்தார். பல்லன் என்னைக் காட்டினான், தன் கழுத்தைத் தொட்டான். மறுபடியும் என்னைக் காட்டி, மறுபடியும் கழுத்தைத் தொட்டான். கழுத்தை அறுப்பேன் என்கிறானா? எட்டு வயதில் இந்தத் திமிரா? விரலை உயர்த்தி, நில் என்று சைகை காட்டினேன்.

"சேட்டைக்காரப் பையனோ?" என்று சிரித்தார் ஒரு அதிகாரி.

"வளர்ப்பு அப்படி சார்" என்றேன்.

உரை முடிந்து, கைதட்டி, சான்றிதழை நான்கு பேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். எட்டு நிமிடம் இருக்கும். பியூன் தேநீர்த் தட்டோடு கதவைத் திறந்தார். அவர் கைக்கு அடியில் புகுந்து பல்லன் உள்ளே வந்தான். எதுவும் பேசவில்லை. எம்பி என் கழுத்துக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு அறுந்தது. சாவியோடு ஓடினான். வாசலில் திரும்பி, "சிட்டு" என்று மட்டும் சொன்னான்.

நான் ஓடினேன். அந்த மாடிப்படி எனக்கு முடியவே இல்லை. வகுப்பில் உலகப் படம் ஒரே ஆணியில் தொங்கியது. பள்ளத்துக்குள் எத்தனை கை தேடியதோ, சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அலமாரியின் கைப்பிடி வளைந்திருந்தது. இப்போது அது திறந்திருந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். தரையில் சிட்டு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பல்லன் மண்டியிட்டு, உள்ளங்கையில் மிட்டாயை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"குடுடா!" என்று கத்தினேன்.

"மயக்கமாயிட்டா டீச்சர்" என்றான். "இப்பப் போடக் கூடாது. அவங்க அம்மா சொல்லியிருக்காங்க."

என்னிடமும் சொல்லியிருந்தார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. உயிர் பிழைத்தாள். இருபத்துநாலு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். "ஏழு ரெண்டு பதினாலு, ஏழு மூணு…" என்று நிறுத்தி, தப்பு செய்துவிட்டவள் போல என்னைப் பார்த்தாள். போகப் போக வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அலமாரியிலிருந்து டப்பியை எடுத்து மகள் பையில் வைத்தார்.

"இது அவ பையில இருக்கட்டும் டீச்சர்."

தலைமை ஆசிரியை மறுக்கவில்லை. சான்றிதழ் இன்னும் வாசல் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

போன திங்கட்கிழமை சுவரில் மறுபடியும் எறும்பு. அலமாரிக்கு இப்போது பூட்டே கிடையாது. மிட்டாய் சிட்டுவின் பையிலேயே இருக்கிறது. அப்படியும் பிள்ளைகள் எங்கேயோ இன்னொரு டப்பா ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒளிப்பது என்னிடமிருந்துதான், வேறு யாரிடமிருந்தும் இல்லை. முதல் மணி அடித்து, மேசைமேல் சாப்பாட்டு டப்பாக்கள் திறந்திருந்தன. ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்தேன். பேச்சு நின்றது. பல்லன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, எல்லோரையும் டப்பாவை மூடச் சொன்னேன்.