இடது பெடலில் ஒரு ‘ட’

உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நாகேஸ்வரிக்கு நான் கொடுக்கவேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். ஒரு சோடி புதுப் பெடலும் பூட்டுக்கூலியும். புதுச் சாமான்தானே, ஒருக்கால் இறுக்கிவிடுவோம் என்று முதல் நாளே திருகுசாவி போட்டேன். அடுத்த நாள் இடது பெடல் ஆடியது. மறுபடி இறுக்கினேன். இறுக்க இறுக்க ஆட்டம் கூடியது. ஐந்தாம் நாள், நீர்வேலித் தோட்டத்திலிருந்து நான்கு வாழைக்குலையோடு வரும்போது கழன்று றோட்டில் விழுந்தது.

பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டாள், ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். விடியக் குலை ஏற்றாவிட்டால் தோட்டக்காரர் ஓட்டோ பிடித்துவிடுவார். பிறகு எனக்கு அங்கே வேலையில்லை.

“பிள்ளை, மரை கழண்ட பெடலைத் தந்து ஏமாத்திப்போட்டீர்.”

“மரை கழண்டது பெடலுக்கோ அண்ணை, உங்களுக்கோ? எந்தப் பக்கம் இறுக்கினியள்?”

“எல்லாரும் இறுக்கிற பக்கம்தான். வலமா.”

“அப்ப அஞ்சு நாளும் பாடுபட்டுக் கழட்டியிருக்கிறியள். இடது பெடலுக்கு மரை மறுவளம், இடமாத் திருப்பினாத்தான் இறுகும்.”

நான் நம்பவில்லை. அவள் ஒரு குழாய்த் துண்டை என் கையில் தந்து, அதற்குள் பேனையை விட்டு, உட்சுவரோடு ஒட்டி வலமாகச் சுற்றி உருட்டச் சொன்னாள். உருட்டினேன். பேனை போனது வலமாக; தான் சுழன்றதோ இடமாக. மூன்று தரம் செய்து பார்த்தேன்.

“நீங்கள் மிதிக்கேக்கை பெடலின்ரை அச்சும் உப்பிடித்தான் ஓட்டைக்குள்ளை உருளும். மரை சரியான பக்கம் வெட்டியிருந்தா, மிதிக்க மிதிக்கத் தானா இறுகும்.”

முப்பது வருடமாக மிதிக்கிறேன். குலைக்காக மிதித்த ஒவ்வொரு மிதியிலும் என் இடது பெடல் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சாவியும் இல்லை, கூலியும் இல்லை. இதை முதலில் யோசித்த மனிதர் யாரோ, கண்டால் கும்பிடுவேன்.

கழன்ற பெடலைத் திருப்பிப் பார்த்தேன். அச்சின் நுனியில் ஓர் எழுத்து. நான் எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில், சனசமூக நிலையத்தில்.

“உதிலை ‘ட’ எண்டு கிடக்கு. ‘இடது’க்கு ‘ட’ வோ?”

நாகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அது இங்கிலீசு எல்லு, அண்ணை!”

சிரிப்பு நின்றதும் பெடலை வாங்கித் தானும் பார்த்தாள்.

“ஆனா பிழையில்லை. ‘ட’ இருந்தா இடதுதான். கிழமைக்கு மூண்டு பேர் உங்களைப் போலத்தான் வந்து என்னைப் பேசுகினம். எழுதத் தெரியுமெல்லே? சுவரிலை எழுதிவிடுங்கோ. பெயின்ரர் மூவாயிரம் கேட்டவன்.”

மரை நல்லகாலம் முழுதும் போகவில்லை. அவள் பெடலைப் பூட்டி முடிக்குமட்டும் நான் தூரிகையோடு நின்றேன்:

‘ட’ போட்டது இடது பெடல். இரண்டு பெடலும் முன்சில்லுப் பக்கம் திருப்ப இறுகும்.

‘ம்’ மாத்திரம் இடம் போதாமல் கீழே போய்விட்டது.

“உந்த ‘ம்’முக்கு என்ரை எழுத்துக்கூலியிலை நாற்பது ரூபாய் குறைக்கட்டோ?” என்றேன்.

“அதையும் சேர்த்துத்தான்” என்று சொல்லி, கொப்பியில் என் பெயருக்கு நேரே இருந்த இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பதையும் ஒரே கோட்டில் வெட்டினாள்.