புது பேட் அப்படித்தான் இருக்கும்

அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் அழைத்தார்கள். பரிசோதனை நிலையம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களிடம், "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பாள். சொன்ன மாதிரியே இருக்கும். கண்ணுக்கே தெரியாத ரத்தக்குழாயைக்கூட வலது ஆள்காட்டி விரலால் தடவியே பிடித்துவிடுவாள். வேறு யாராவது போனால், "எறும்பை அனுப்புங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பும் வீடுகள் இருந்தன.

வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் காலையிலேயே போயாக வேண்டும். அதற்காகத்தான் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். ஸ்கூட்டர் போதாதா என்று மாமியார் கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்றமும் இறக்கமுமான அந்தத் தெருக்களில் ஸ்கூட்டர் மூச்சு வாங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

கணவன் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவள் களைத்து வந்தால் தட்டில் சோறு போட்டுக் கொடுப்பான், துணி காயப்போடுவான். 'எனக்குத் தெரியாது' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது.

முன் சக்கரத்தில் பிரேக் பிடித்தால் இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறேன் என்றாள்.

"பேட் மாத்துறதுக்கு ஒர்க்‌ஷாப்பா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். ஒரு போல்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தது. துரு இளகுவதற்கான எண்ணெயை அதன்மேல் தாராளமாகப் பீய்ச்சினான். போல்ட் கழன்றது. டிஸ்க்கின் மேலும் வழிந்த எண்ணெயைத் தோளில் கிடந்த துணியால் அப்படியே ஒரு துடை துடைத்தான். புது பேட்டை மாட்டினான். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் இதையெல்லாம் பார்த்தாள். பார்த்ததற்கு அர்த்தம் அப்போது தெரியவில்லை.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பியதும் சொன்னாள். "பிரேக்கைப் பிடிச்சா கைக்குக் கெட்டியாத்தான் இருக்கு. ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுங்க."

"புது பேட் அப்படித்தான் இருக்கும். டிஸ்க்கோட உரசி உரசிப் பழகணும். கொஞ்ச நாள் மெதுவா ஓட்டு."

அது பொய் இல்லை. புது பேட்டுக்கு முதலில் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், ஓட ஓடத்தான் கூடும். அந்த உண்மையை நம்பித்தான் அவள் ஓட்டினாள். ஆனால் நாள் போகப்போகப் பிடிப்பு கூடவில்லை, குறைந்தது. மறுபடியும் சொன்னாள். அவன் செருப்புக் காலோடு வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான்.

"எனக்கு நிக்குதே. நீ பிரேக்கைப் பிடிக்கிறியா, இல்ல தடவிக் குடுக்கிறியா?"

அவன் பின் பிரேக்கை மிதித்தே நிறுத்தியிருந்தான். அவன் கால் மேல் அவள் கண் போகவில்லை.

மூன்றாம் முறை, போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டுமா என்றாள். அவன் முகம் மாறியது. "என் வேலையை அவன்கிட்டக் காட்டி மார்க் போடச் சொல்லப்போறியா? போ, போய்க் கேளு." அன்று முழுக்க அவன் பேசவில்லை. வீட்டில் எதற்கு வம்பு என்று அவள் விட்டுவிட்டாள்.

தூறல் போட்ட ஒரு காலையில், இறக்கத்தின் அடியில் ரொட்டிக் கடை வேன் ஒன்று சட்டென்று நின்றது. நிறுத்தப் போதுமான இடம் இருந்தது. நல்ல பிரேக் என்றால் நின்றிருக்கும். கை வலிக்கும்படி பிரேக்கை இறுக்கினாள். முன் சக்கரம் அதுபாட்டுக்கு உருண்டுகொண்டே இருந்தது. பதறிப் பின் பிரேக்கை மிதித்தாள். பின் சக்கரம் இழுத்துக்கொண்டு சறுக்கியது. வலது கையை முன்னால் நீட்டியபடி வேனில் போய் மோதினாள்.

பெட்டியில் இருந்த ரத்தக் குப்பிகள் சாலையில் சிதறி உடைந்தன. ஏழெட்டு வீட்டுக்காரர்களின் ரத்தம் மழையோடு ஓடியது. எல்லாம் அவளுடையது என்று நினைத்து ஆட்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மணிக்கட்டு எலும்பு உடைந்து, விரலுக்குப் போகும் நரம்பும் நசுங்கியிருந்தது. மருத்துவமனையில் கணவன் அழுதான். உண்மையாகவே அழுதான். மாமியாரும் நாத்தனாரும் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "மழை வேற. பயந்துட்டா. பின் பிரேக்கை மிதிச்சுட்டா, சறுக்கிருச்சு."

"எருமை மாதிரி இருக்கிற அந்த வண்டியை உன்னால அடக்க முடியாதுன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார் மாமியார்.

மருந்து மயக்கத்தில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மிதித்தது நிஜம்தானே என்று தோன்றியது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அதையே சொன்னான். கேட்டுக்கேட்டு அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

கட்டைப் பிரித்த பிறகு மணிக்கட்டு மடங்கியது. ஆள்காட்டி விரல் மட்டும் மரத்துப் போயிருந்தது. தோலைத் தொட்டால் துணி சுற்றித் தொடுகிற மாதிரி இருந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று, நிலையத்தில் முதல் ஆளாக, வழக்கமாக அவளிடமே கை நீட்டும் பெரியவர் வந்து உட்கார்ந்தார். குத்தினாள், கிடைக்கவில்லை. மறுபடி குத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எறும்பு தேளாயிடுச்சே" என்று சிரித்தார். சிரிக்கத்தான் சொன்னார். அவள் எழுந்து போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வாரமே அவளைக் கவுன்ட்டரில், டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள்.

ஒரு மதியம் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே வண்டியின் முன் சக்கரத்தருகே கணவன் குந்தியிருந்தான். கழற்றிய பேட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு உப்புத்தாளில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். பேட்டின் முகம் கறுத்து, எண்ணெய்ப் பலகாரம் போலப் பளபளத்தது. அவளைப் பார்த்ததும் அதைத் துணிக்குள் சுருட்டினான். அதே துணி. மாடியிலிருந்து பார்த்தது அவளுக்கு இப்போது விளங்கியது.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"எது?"

"எண்ணெய்."

சுருட்டிய துணியை அவன் தரையில் வைத்தான். "நீ விழுந்த இடத்துலருந்து வண்டியைத் தள்ளிட்டு வந்த அன்னைக்கே. டிஸ்க்கைத் தொட்டேன். வழுவழுன்னு இருந்துச்சு."

"அப்புறமும் நான் பயந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"உண்மையைச் சொன்னா உன் விரல் சரியாயிடுமா?"

"என் விரலை விடுங்க. அத்தைகிட்ட மட்டுமாவது சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான்.

சொல்லவில்லை. நாத்தனார் வந்திருந்த ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, பேச்சு மறுபடி அந்த விபத்துக்கு வந்தது. மாமியார் எருமைக் கதையை எடுத்தார். கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல். எண்ணெய், துணி, தெருவைச் சுற்றி வந்தது, பேட்டை முகர்ந்தது, எல்லாவற்றையும்.

 மாமியார் சொன்னார்: "அவன் என்ன வேணும்னா செஞ்சான்? பொண்டாட்டி அலையக் கூடாதுன்னுதானே தன் கையாலயே மாத்தினான்?"

"விடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "அண்ணன் முகத்தைப் பாருங்க. ஒரு வாய்கூட இறங்கலை."

எல்லோரும் அவனைத் தேற்றினார்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி மாமியார் கெஞ்சினார். அவள் எழுந்து, இடது கையால் தட்டுகளை அடுக்கினாள்.

வண்டியை விற்றுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். அவன் அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, டிஸ்க்கைச் சுத்தம் செய்து, புது பேட் மாற்றிக்கொண்டு வந்தான். இந்த முறை தானே மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. வாங்க வந்தவன் பார்சல் கொடுக்கிற வேலை பார்ப்பவன். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"நல்ல வண்டிதானே, ஏன் குடுக்கிறீங்க?"

"வீட்டுல ஓட்டிட்டு இருந்தாங்க. ஒருதரம் விழுந்துட்டாங்க, அதுல பயம்..." என்று கணவன் ஆரம்பித்தான்.

"பயமெல்லாம் இல்ல" என்றாள் அவள். "பேட்ல எண்ணெய் பட்டு பிரேக் பிடிக்கல. மாத்தினது இவர்தான்."

வந்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். குடும்பச் சண்டையில் மாட்டிக்கொள்ள அவனுக்கு நேரமில்லை. "இப்பப் பிடிக்கும்ல?" என்று மட்டும் கேட்டான்.

"நல்லாப் பிடிக்கும். ஒர்க்‌ஷாப்ல மாத்தினது" என்றான் கணவன்.

வந்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வண்டியின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. கோடு போட்ட மாதிரி அங்கேயே நின்றது. சைக்கிள் போனதும் வண்டி திரும்பி மறைந்தது.

"பாத்தியா, எப்படி நிக்குதுன்னு" என்றான் கணவன். பெருமையாகச் சொல்லிப் பழகிய குரல், தன்பாட்டில் வந்துவிட்டது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அவள் காலியான தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனைத் தாண்டிப் படியேறினாள். கவுன்ட்டர் வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.