வள்ளியாத்தாள் குடிக்காத தண்ணீர்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, நோட்டீஸ். 'படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு' என்று தலைப்பு. ஒரே தாள், முன்னும் பின்னும். எங்கள் பஞ்சாயத்தில் வீடு வீடாக வரும் பாலியேட்டிவ் நர்ஸ் நிமி சிஸ்டர்தான் கேட்டாள். அவள் கையில் இருக்கிற நோட்டீஸ் எல்லாம் மலையாளம். இந்தக் கிழக்குப் பாலக்காட்டில் பாதி வீடுகளில் அதை மரியாதையாக வாங்கி, மடித்து, மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். "நீ படிச்ச குட்டியல்லே, தமிழில் எழுதித் தா" என்றாள். படித்தது உண்மைதான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. ஊரில் யாருக்கு எந்த ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் அதனாலேயே என்னிடம் வருகிறார்கள். நோட்டீஸும் அப்படி வந்ததுதான்.

மூன்று வரி எழுதினேன்:

தண்ணீர் போதுமான அளவு கொடுக்கவும். சிறுநீர் கட்டஞ்சாயா (பாலில்லாத டீ) நிறத்தில் போனால் உடனே நர்ஸிடம் சொல்லவும். குடிக்க மறுத்தால்—

அங்கே நின்றுவிட்டது. குடிக்க மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு வீடு தெரியும்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். அடித்ததையும் பாருங்கள்.

(அ) தென்னந்தோப்பின் நடுவே அந்த ஓட்டு வீடு தனிமையில்— [வேண்டாம். தனிமையெல்லாம் இல்லை. எதிரிலேயே அலவியண்ணன் மளிகைக் கடை. விடியறதுக்கு முன்னால் ரேடியோ ஆரம்பித்துவிடும்.]

(ஆ) பெற்ற தாயைத் தெய்வமாகப் பார்த்துக்கொள்ளும் மகன்— [எழுதியதும் பேனாவைத் தூக்கி எறிந்தேன்.]

ஏன் எறிந்தேன் என்றால்: படுத்த படுக்கையாகக் கிடந்த எங்கள் பெரியப்பாவுக்கு என் அம்மா ஏழு வருசம் எல்லாம் செய்தாள். ஒரு ஆள் அவளைப் பார்த்து 'பாவம்' என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த பொம்பளை செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? இந்த வீட்டு மகன் பூபதிராஜா இரண்டு மாதம் செய்தார், கோயில் கமிட்டியில் அவருக்குச் சால்வை போடலாமா என்று பேசுகிறார்கள். இந்த வயிற்றெரிச்சலோடுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். கதையில் அவரை ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்றிருந்தேன். முடியவில்லை.

(இ) வள்ளியாத்தாள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

இது நிற்கட்டும்.

3

வள்ளியாத்தாளுக்கு எழுபத்தெட்டு வயது. மாட்டுச்சாளையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாலு மாதமாகக் கட்டில்தான். மகன் பூபதிராஜாவுக்கு நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் இந்தக் கதைக்கு இல்லை. மகள் நர்மதா உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரியைக் கட்டிக்கொண்டவள். இரண்டு மாதம் வந்து இருந்தாள், பிள்ளைக்குப் பரீட்சை வந்ததும் போய்விட்டாள். அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரே ஒரு தடவை, அலவியண்ணனின் மனைவி (பாத்து என்று பேர்) வந்து ஆத்தாளைத் துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள். மிச்சமெல்லாம் பூபதி. சமையல், மருந்து, தலை வாருவது, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது.

நர்மதா இருந்தவரை சொம்பு சொம்பாகக் குடித்தவள், குறைந்து குறைந்து இப்போது ஒரு மிடறு, அரை மிடறு.

இனி பூபதியின் தலைக்குள் போகப் போகிறேன். (கேட்டுவிட்டுத்தான் போகிறேன். "பேர மட்டும் மாத்திப் போட்டுரு அம்மிணி" என்றார்.)

தண்ணீரைப் பற்றிப் பூபதிக்குத் தெரியாதது இல்லை. மழை மறைவு பூமி. வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளை எண்ணி எண்ணி வளர்ந்த ஆள். தென்னை மட்டை தொங்குவதைப் பார்த்தே வேருக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். ஆத்தா வாடுவது மட்டும் எதனால் என்று பிடிபடவில்லை. நாக்கில் ருசி செத்துப்போச்சு என்று நினைத்தார். இளநீர் வெட்டினார். மோரில் இஞ்சி தட்டிப் போட்டார். கம்மங்கூழ் கரைத்தார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் டம்ளர்கள் வரிசை கட்டி நின்றன.

"சித்த குடீங்கம்மா."

"வெச்சுட்டுப் போ சாமி. பொறவு குடிக்கறேன்."

"நேத்துச் சொன்ன பொறவே இன்னும் வரலீங்களே."

"அப்ப நீயே குடி. வெயில்ல திரியறவன் நீதான்."

இப்படி டம்ளர் வைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் காய்ச்சல். நிமி சிஸ்டர் வந்தாள், வாளையாரில் லாரி வரிசைக்குள் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமான கடுப்போடு. மூத்திரத் துணியைப் பார்த்தாள். டாக்டரிடம் போனில் பேசினாள். பிறகு பூபதியை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"சேட்டா, இது இன்பெக்ஷன். மருந்து உண்டு. பக்ஷே தண்ணி உள்ள போகாம மருந்து மட்டும் ஒண்ணும் செய்யாது. ரெண்டு நாள் பாக்கலாம். குடிக்கலைன்னா ஆஸ்பத்திரி. இந்த வயசுல, இந்த நிலைமையில போனா, திரும்பி வருவாங்கன்னு ஞான் வாக்குத் தர மாட்டேன்."

4

பூபதி மருந்து வாங்கப் போயிருந்தார். வீட்டில் நானும் வள்ளியாத்தாளும்தான்.

"ஏனுங் ஆத்தா, தாகமே எடுக்கலீங்களா?"

"எடுக்காமெ? நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்குது."

"பொறவு ஏன் குடிக்கறதில்லீங்?"

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "படிச்ச புள்ளதான நீ? குடிச்சாப் போகோணுமில்ல?"

அவளே சொன்னாள். பாத்து ஏழு மணிக்கு வருவாள், அதற்குத் தகுந்த மாதிரி முதல் நாள் பொழுது இறங்கினதும் இரண்டு வாய். மற்ற நேரம் உதட்டை நனைத்துக்கொள்வது. எந்நேரம் குடித்தால் எந்நேரம் வரும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இரண்டு மாதமாக, பெற்ற மகன் கை படக்கூடாது என்பதற்காக, எழுபத்தெட்டு வயது உடம்பு மொத்தத்தையும் பாத்துவின் ஏழு மணிக்குத் திருகி வைத்திருந்தாள். எனக்குப் பரீட்சைக்குக்கூட ஒரு வாரம் ஒழுங்காக எழுந்திருக்க வந்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். 'வெட்கம் என்று ஒன்றைச் சொல்லித்தந்து பொம்பளையைத் தாகத்தில் சாகடிக்கிறீர்களே' என்று ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தி சரிதான், இப்போதும் அதிலிருந்து ஒரு வரி பின்வாங்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலுக்கு முன்னால் எனக்கு வந்தது கோபம் இல்லை. மேட்டுப்பாறை ஒன்றுக்கு அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் வருமே, அது.

"நாளைக்குப் பாத்தும் போறா" என்றாள். "அவ மவ நஜ்மாவுக்குப் பேறுகாலம். நாப்பது நாளாவும் வர."

"நாப்பது நாள் என்ன பண்ணுவீங்க?"

"அவ்வளவு நாளெல்லாம் ஆவாது" என்றாள், மாடு எப்போது ஈனும் என்று சொல்கிற குரலில். "அவங்கிட்ட மூச்சு விட்டறாத."

(நோட்டீஸுக்கு: குடிக்க மறுத்தால் ருசியை மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கேட்கவும். வீட்டு ஆளிடம் சொல்லமாட்டார்கள். வெளியாளை விட்டுக் கேட்கவும்.)

5

பூபதிக்கு எப்படித் தெரிந்தது? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார் என்று எழுதினேன், சினிமா. பாத்து சொன்னாள் என்று எழுதினேன், பொய். நான்தான் சொன்னேன். மூச்சு விடாதே என்றாள், ஒரு மணி நேரத்தில் விட்டேன். இதை நியாயப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

அவர் களத்தில் தேங்காய் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடி— [இல்லை. அழவில்லை. பொறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.]

"அப்ப என்னாலதான்."

"உங்களால இல்லீங்ணா."

"பின்னே? எனக்குக் கழுவி உட்ட கைதான அது. அவிய செஞ்சா மொறை, நான் செஞ்சா என்னாங் அம்மிணி?"

ஐந்தாறு காய் விழுந்த பிறகு சொன்னார்: "போர்வைக்குள்ளயே எல்லாம் செய்யலாமுன்னு சிஸ்டர் சொன்னாங்களே. அவியள இப்பவே வரச்சொல்லு. அலவியண்ணன நான் கூட்டியாறேன்."

"அவர் எதுக்குங்?"

"ஆளு வேணுமில்ல. மொதல்ல எனக்குச் செய்யட்டும், ஆத்தா பாக்கட்டும்."

6

இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் கௌரவமாக இட்டுக்கட்டியிருப்பேன்.

ஆத்தாளின் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி இன்னொரு கட்டில். அதில் பூபதி, டவுசரோடு, கழுத்துவரை போர்வை. பக்கத்தில் வாளி, துணி. அலவியண்ணன் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். நிமி சிஸ்டர் தலைமாட்டில். ஆத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள்.

"யா அல்லா, இந்த எருமையக் கழுவறதுக்கா கடையச் சாத்திட்டு வந்தேன்?"

"முதல்ல தொடக்கூடாது" என்றாள் சிஸ்டர். "என்ன செய்யப் போறோம்னு வாயால சொல்லணும். சம்மதம் கேக்கணும்."

"பூபதி, உன்ற இடுப்புல கை வெக்கப் போறேன். சம்மதமா?"

"சம்மதம்."

"நிக்காஹ் மாதிரி மூணு தடவை கேக்கோணுமா சிஸ்டரே?"

சுவர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தோம்.

துணியைப் பிழிந்த அலவியண்ணனின் கை போர்வைக்குள் போனது. பூபதி துள்ளினார். "சுடுதுங்ணா!" மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்க்காத தப்புக்குச் சிஸ்டர் ஒரு திட்டுத் திட்டினாள். இரண்டாம் தடவை சூடு சரியாக இருந்தது. ஆனாலும் பூபதியின் தொடை கல்லாக இறுகியது. தெரிந்த கை, சின்ன வயதிலிருந்து தோளில் கிடந்த கை. புரட்டும்போதெல்லாம் ஆத்தா ஏன் கட்டையாக விறைத்தாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மாதமாக 'கொஞ்சம் தளர உடுங்கம்மா' என்று அவளை அதட்டியிருக்கிறார். (இது என் ஊகம் இல்லை. இந்த ஒன்றை அவராகவே சொன்னார்.)

"இப்ப ஒருக்களிச்சுப் படுக்கப் போறே. சம்மதமா?"

அலவியண்ணன் புரட்டினார். போர்வை ஒரு பக்கம் நழுவியது.

"அலவி." எல்லோரும் திரும்பினோம். வள்ளியாத்தாள் சுவரை விட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது. "அக்கட்டால போர்வை தூக்கிக்கிச்சு பாரு. இழுத்து உடு. வேலை தெரியாதவனுக்கு எதுக்குடா வாளியும் துணியும்?"

"நீங்களே வந்து செய்யுங்களேன் ஆத்தா."

"எந்திரிக்க முடிஞ்சா உங்க ரெண்டு பேரையும் மாட்டுச்சாளைல கட்டி வெச்சுத் தேய்ப்பேன்."

நிமி சிஸ்டர் சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு ஆம்பளை தன் வெட்கத்தை எடுத்துத் தாயின் முன்னால் படுக்கப் போட்டிருக்கிறான். தாய் அதற்குப் போர்வை இழுத்துவிடச் சொல்கிறாள். இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சால்வையை விடுங்கள், என்னிடம் ஒரு சொல்கூட இல்லை.

7

மறுநாள் காலை. பாத்து முதல் பஸ்ஸுக்கே போயிருந்தாள். சிஸ்டர் கொடுத்த இரண்டு நாளில் இது கடைசி நாள். பூபதி ஆத்தாளின் தலைமாட்டை உயர்த்தி வைத்து, சொம்பை நீட்டினார்.

"அலவிக்கு வந்த மாதிரி உனக்கு வருமா?"

"அவுருக்கு எங்கீங் வந்துது? நான் நல்லாச் செய்வேன்."

"சொல்லிட்டுத்தான் தொடோணும்."

"சரிங்."

"கண்ணு உத்தரத்துல இருக்கோணும்."

"சரிங்மா."

"வெச்சுட்டு வெளிய போ. கூப்பிட்டா வா."

பூபதி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நானும்.

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

ஒன்று: சொம்பு காலி, காய்ச்சல் இறங்கிவிடுகிறது. [நோட்டீஸுக்கு நல்லது. ஒரு சொம்பில் எதுவும் முடியாது என்று பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் தெரியும்.]

இரண்டு: நர்மதா மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறாள். [மறுபடியும் ஒரு பொம்பளை தலையில் கட்டுவதா? என் கை எழுதாது.]

மூன்று: ஆம்புலன்ஸ் வாளையார் ரோட்டில்— [இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உள்ளே சொம்பு ஸ்டூலிலிருந்து எடுக்கப்படும் சத்தம் கேட்டது. கட்டிலுக்கு நேராக ஜன்னல். அவள் கைக்கு எட்டும். குடித்தாளா, ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாளா என்று பூபதி எழுந்து பார்க்கவில்லை. பார்க்கட்டுமா என்று நான் கண்ணால் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் குடிக்கவேண்டும், காத்திருக்கவேண்டும், அப்புறம் வாய்விட்டு மகன் பேரைச் சொல்லவேண்டும். அந்தக் கடைசிக் காரியத்தை அவளுக்காக நான் செய்துவிட முடியாது. எழுதுகிறவள் என்பதற்காக அவள் தொண்டைக்குள் கைவிட எனக்கு யார் சம்மதம் கொடுத்தது?

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கட்டில் இருந்தால் அடுத்த வரி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் எழுதுங்கள். இல்லையென்றால் படியில் இடமிருக்கிறது, அவர் பக்கத்தில் உட்காருங்கள். நேரமாகலாம். வாளியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறினால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.