ஆற்று வளைவின் மேல் இரண்டு விமானங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். இதைவிட கௌரவமான இடம் எதுவும் இல்லை, மன்னிக்கவும். கடைவாய்ப்பல் வலியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு போர் விமானத்தின் படம். இறக்கையில் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது, ஓட்டுகிறவரின் முகம் மட்டும் தெரியவில்லை. ஆணிக்குச் செலவழித்த நேரத்தில் மனிதனுக்கு ஒரு மூக்காவது வைத்திருக்கலாமே என்று எரிச்சலாக வந்தது. பல் போய்விட்டது. எரிச்சல் போகவில்லை.

எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜன்னலோர இருக்கைக்காக ஒருவரோடு மல்லுக்கு நின்றதுதான் என் வான்போர் அனுபவம்.

2

முதல் தொடக்கம்: நீல வானத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு விமானங்கள்—

வானம் அன்று நீலமாக இல்லையாம். சொல்கிறவர் ஓவியர், என் கதாபாத்திரம். இன்னும் ஒரு வரிகூடப் பிறக்கவில்லை, அதற்குள் திருத்துகிறார்.

இரண்டாம் தொடக்கம்: இளங்காலை ஒளியில் பளபளத்த இறக்கைகள்—

"பதினொன்னே கால் மணிக்கு எங்கேருந்துங்க இளங்காலை? சூரியன் தலைக்கு மேல வந்தாச்சு. நிழல் இறக்கைக்கு அடியில விழும்."

சரி. தொடக்கமே வேண்டாம். நேராக ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஓவியருக்கு ஐம்பத்தைந்து வயது. போரில் இறந்த விமானிகளின் கடைசிச் சண்டைகளை எண்ணெய் வண்ணத்தில் வரைவது அவர் தொழில். வேலை நடப்பது மாடியில் ஒரே அறை. கூரையிலிருந்து மெல்லிய நைலான் நரம்பில் பிளாஸ்டிக் விமானங்கள் தொங்கும். மேசை விளக்கைச் சூரியனாக வைத்து நிழல் பார்ப்பார். விமானம் ஆடிவிடும் என்பதால் மின்விசிறி போட அனுமதியில்லை.

"போர் முடிஞ்சு நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் வேர்த்துக் கொட்டுறது எனக்குத்தான்" என்பார் அவர் மனைவி. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, இனி வரமாட்டார்.

3

இப்படி ஒரு படம் வரையச் சொல்லி வந்தவர் ஒரு விமானியின் தங்கை. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஓர் ஆற்று வளைவின் மேல் நடந்த சண்டையில் அண்ணன் சுடப்பட்டு விழுந்தார். அன்று தளத்திலிருந்து இரண்டு விமானங்கள் ஜோடியாகக் கிளம்பின. இரண்டாவதை ஓட்டியவர் அண்ணனின் நண்பர். செய்தி சொல்ல வீட்டுக்கு வந்தவரும் அவர்தான். அப்போது இருபது வயதான தங்கை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணன் தனியாவா இருந்தாரு?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் நான் பக்கத்துல இருந்தேன்."

அன்றிலிருந்து அவர் இந்த வீட்டுக்குச் சின்னண்ணன். தங்கையின் கல்யாணத்தில் அண்ணன் இடத்தில் நின்றவர் அவர். தங்கை நர்ஸானார். முப்பது வருட வேலையில், தன் வார்டில் யாரையும் தனியாகச் சாக விட்டதில்லை. ஷிப்ட் முடிந்தும் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால், "எங்க அண்ணனுக்கு ஒருத்தர் பக்கத்துல இருந்தாரு. அந்தக் கடன்தான்" என்பார்.

(இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்கலங்கினேன். "இறக்கையோட நீளம் தப்பா போட்டிருக்கீங்க" என்றார் ஓவியர்.)

4

ஓவியர் வரைந்தார். அண்ணன் விமானம் முன்னால், சின்னண்ணன் விமானம் வலப்பக்கம் சற்றுப் பின்னால். முக்கால்வாசி முடிந்தது. தங்கை வந்து பார்த்து, வலப்பக்க விமானத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் ஓவியருக்கு வாலில் எழுத அந்த நாளின் விமான எண் வேண்டும். சின்னண்ணனிடம், பறந்த விவரங்களை அவர் எழுதிவைத்த பழைய லாக் புத்தகத்தைக் கேட்டார். சின்னண்ணன் எடுத்துக் கொடுத்தார்.*

எண் கிடைத்தது. பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டியதுதானே. மாட்டார். பக்கத்துக் கட்டத்தையும் படித்தார். பறந்த நேரம்: பன்னிரண்டு நிமிடம். அண்ணனின் கடைசி ரேடியோ அழைப்பு, கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் வந்தது. அந்த நேரத்தில் சின்னண்ணன் தரையில் நின்றுகொண்டிருந்தார்.

* ஏன் கொடுத்தார்? தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே. நானும் கேட்டுப் பார்த்தேன். என் கதாபாத்திரம், பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வாயே திறக்கவில்லை.

5

ஓவியர் சும்மா இருந்துவிட முடிவு செய்தார். நம்ப முடிகிறதா? நிழல் ஒரு விரல் தள்ளி விழுந்ததற்காக என் இரண்டு தொடக்கங்களைக் கொன்றவர், இல்லாத ஒரு முழு விமானத்தைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்தார். எனக்கு வந்த கோபத்தில் நாலு பக்கம் திட்டி எழுதினேன், பிறகு அழித்தேன். அவர் நினைத்தது தங்கையை என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒத்துக்கொள்ளாதவர் சின்னண்ணன். இவ்வகைப் படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூலப் படத்திலிருந்து பிரதிகள் அச்சிடுவார்கள், உயிரோடிருக்கும் விமானி ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திடுவார். இந்தப் படத்துக்கு இருநூறு பிரதிகள்.

மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி சின்னண்ணன் சொன்னார்.

"ஒரு தடவ வாயால சொன்னேன். இப்ப இருநூறு தடவ கையால எழுதச் சொல்றீங்க."

"எஞ்சின் கோளாறுன்னு புத்தகத்துல போட்டிருக்கீங்களே, சார்."

"ஏதோ சத்தம் கேட்டுச்சு. ஆறாவது நிமிஷம் திரும்பிட்டேன். கீழ இறங்கினதும் மெக்கானிக் பிரிச்சுப் பாத்தாரு. எஞ்சின்ல ஒண்ணும் இல்லன்னாரு." கூரையில் தொங்கிய விமானங்களைப் பார்த்தார். "சத்தம் கேட்டுச்சா, கேட்டதா நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே தெரியல. என்னை எடுத்துடுங்க."

"அந்தத் தங்கச்சியம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்றேன். அவ வர்றதுக்கு முன்னாடி போய் நானே சொல்லிடறேன்."

ஓவியர் வலப்பக்க விமானத்தின்மேல் வானத்தைப் பூசினார். அவர் வரைந்ததிலேயே மிகச் சரியான வானம் அதுதான். முடிந்த படத்தைப் பார்க்கத் தங்கை அன்று பத்து மணிக்கு மாடிக்கு வரவேண்டும். சின்னண்ணன் ஒன்பதரைக்கு அவர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

6

தங்கை ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார்.

சரி, வரவைத்தது நான்தான். சின்னண்ணன் தைரியம் வராமல் இன்னும் அந்த மாடி அறையிலேயே நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தார், நான் என்ன செய்ய? வண்ணம் காயவில்லை. துணி போட்டு மூட முடியாது. தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். அண்ணனைப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் பார்த்தார். திரும்பினார்.

"சின்னண்ணா, நீங்க எங்க?"

7

பதில் எழுதிப் பார்த்தேன்.

அ) "இன்னும் வரையலம்மா, அடுத்த வாரம் வந்துடும்" என்கிறார் ஓவியர். தங்கை சிரிக்கிறார். சுலபம். ஆனால் விமானத்தை மறுபடி வரைய வேண்டும், சின்னண்ணன் மறுபடி மாடி ஏற வேண்டும். அந்த மனிதருக்கு எழுபத்திரண்டு வயது.

ஆ) தங்கைக்கு முன்பே தெரியும் என்று— இல்லை. இது சோம்பேறிகளின் முடிவு. அவருக்குத் தெரியாது.

இ) சின்னண்ணன் உண்மையைச் சொல்கிறார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் பழக்கத்தில், அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். இதை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து வெட்கமாகிவிட்டது. எத்தனை பேரின் கடைசி மூச்சுக்குக் காவலிருந்தவர் அவர். அவர் சார்பில் மன்னிக்க நான் யார்?

ஈ) "நான் அங்க—"

8

எனக்குப் போதும். ஓவியர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. சின்னண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுக்கிறார். ஆணி, நிழல், எண் என்று என் உயிரை வாங்கியவர்கள் இப்போது என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

தங்கை கேட்டுவிட்டு நிற்கிறார். அறையில் உங்களையும் சேர்த்து நாலு பேர் பதில் தெரிந்தவர்கள். அவரோ முப்பது வருடம் நோயாளியின் சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டவர். ஏதாவது சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் அவருக்கே தெரிந்துவிடும், அப்போது அவர் பக்கத்தில் நாம் யாரும் இருக்கமாட்டோம்.